தண்ணி பாட்டில் ஏன் அப்படியே வருது?

பத்து நாளா என் பொண்ணோட தண்ணி பாட்டில் காலையில நிரப்பினபடியே சாயங்காலம் திரும்பி வந்துச்சு. மூணாங்கிளாஸ் படிக்கிறா. கேட்டா, "தாகமே எடுக்கலம்மா."

ஒருநாள் ராத்திரி லைட்டை அணைச்ச பிறகுதான் சொன்னா. பாத்ரூம் போகணும்னு எழுந்து நின்னதுக்கு மிஸ், "உனக்கு மட்டும் எப்பப் பாரு அவசரம்"னாங்களாம். கிளாஸே சிரிச்சுச்சாம். அதனால தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டா.

என் வாயில முதல்ல வந்தது, "நீ என்ன பண்ணே?" சட்டுனு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. மறுபடி பேச வைக்க ரெண்டு நாள் ஆச்சு.

கோவத்துல பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல நாலு வரி டைப் பண்ணேன். அழிச்சுட்டேன். நாளைக்கு அந்த கிளாஸ்ல போய் உட்காரப்போறது நான் இல்லையே. மாமியாரோ, "கண்ணை விட்டுட்டு தோலை உரிங்கன்னு சொல்லித்தான் நாங்க சேர்த்தோம்"னாங்க. அந்தப் பெருமை எனக்குப் புரிஞ்சதே இல்ல.

டைரியில எழுதி நேரம் கேட்டுப் போனேன். "அவ இப்படிச் சொல்றா மிஸ், என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்டயும் கேட்கலாம்னு வந்தேன்." முகம் இறுகிடுச்சு. ஒருத்தி எழுந்தா பின்னாடியே பத்து பேர் எழுந்திரிக்கிறாங்கன்னாங்க. அதுவும் நிஜம்தான். ஆனா கேலி பண்ணதுக்கு அது காரணம் ஆகாதுன்னும் சொன்னேன். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: அவ கை தூக்கினா எதுவும் சொல்லாம தலையாட்டி அனுப்பிடுங்க. சரின்னாங்க. ஸாரி சொல்லல. நானும் எதிர்பார்க்கல (பொய், கொஞ்சம் எதிர்பார்த்தேன்).

தேதியும் அவ சொன்ன வார்த்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். மறுபடி நடந்தா ஹெச்.எம்-க்கு எழுத்துல போகும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 அடிக்கிறதை மட்டுமில்ல, மனசளவுல துன்புறுத்துறதையும் தடை செய்யுது. அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழுவுல பேசலாம். தமிழ்நாட்டுல பள்ளிக்கல்வி உதவி எண் 14417 இருக்கு. அடி, தப்பான தொடுதல்னா இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம், நேரா குழந்தைகள் உதவி எண் 1098.

நேத்து பாட்டில்ல கால்வாசிதான் மிச்சம். மூடியைத்தான் எங்கேயோ தொலைச்சுட்டு வந்திருக்கா.