மதிலுக்கு வெளியே இருப்பவருக்கு யார் சொல்வது?

கம்பனிகள் தயாரித்து வைத்திருக்கும் நெருக்கடிகாலத் தொடர்பாடல் திட்டங்களில் ஊடகங்களுடன் யார் பேசுவது, எத்தனை மணித்தியாலத்துக்குள் அறிக்கை வெளியிடுவது, சட்டத்தரணியின் ஒப்புதலை எந்தக் கட்டத்தில் பெறுவது என்பவையெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். தொழிற்சாலை மதிலுக்கு வெளியே குடியிருப்பவருக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது என்பதற்கு மட்டும் பெரும்பாலும் இடமிருக்காது. குறிப்பிட்ட எந்த நிறுவனத்தையும் மனத்தில் வைத்து இதை நான் எழுதவில்லை. ஆனால் திருகோணமலையில் இருந்து பார்க்கிறவருக்கு இந்தக் குறை துலக்கமாகத் தெரியும்.

சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் தொடக்கம் புல்மோட்டையின் கனிய மணல் வரை எங்கள் மாவட்டத்துத் தொழில்கள் பலவும் கடலோரத்தில்தான் இருக்கின்றன. முக்கிய தீர்மானங்களை எடுப்பவர்களோ பெரும்பாலும் கொழும்பில் இருக்கிறார்கள். ஏதாவது நேர்ந்துவிட்டால் அங்கிருந்து முதலில் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை வரும். தமிழ் வடிவம் வந்துசேர்வதற்குள் மறுநாள் ஆகிவிடும், அதுவும் இரண்டு தடவை வாசித்தால்தான் புரியும். அதற்குள் வாயிற் காவலாளிக்கும், பாரந்தூக்கி இயக்குபவருக்கும், சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் அக்காவுக்கும் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் உறவினர்கள் அழைப்பெடுத்துக் கேட்டு முடித்திருப்பார்கள். அந்த நேரத்தில் கம்பனியின் உண்மையான பேச்சாளர்கள் இவர்களே. இவர்களுக்கு எதுவும் சொல்லப்படாதிருந்தால், தெரியாது என்று இவர்கள் சொல்வதே ஊருக்குள் மறைப்பதாகப் போய்ச்சேரும். ஊடகங்களுக்குச் சொல்வதற்கு முன் தொழிலாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது என்னுடைய முதல் வாதம்.

இரண்டாவது வாதம் காலத்தைப் பற்றியது. கம்பஹா மாவட்டத்தின் ரத்துபஸ்வலவில் 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி நடந்ததை இங்கு பலரும் மறந்திருக்க மாட்டார்கள். கிணற்று நீர் அமிலத்தன்மை அடைந்துவிட்டது என்றும் அருகிலுள்ள கையுறைத் தொழிற்சாலையே அதற்குக் காரணம் என்றும் சொல்லி, சுத்தமான குடிநீர் கேட்டு வீதிக்கு வந்த மக்கள்மீது இராணுவம் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் மூவர் உயிரிழந்தனர். சுட்டது இராணுவம், அந்தப் பொறுப்பை வேறு எவர் தலையிலும் கட்டிவிட முடியாது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கழிவுநீர் பற்றியும் சுற்றுவட்டாரக் கிணறுகள் பற்றியும் பல ஆண்டுகளாகப் பரிசோதனை முடிவுகள், நல்லதோ கெட்டதோ, ஊரவர் கண்ணில் படும் இடத்தில் மாதந்தோறும் ஒட்டப்பட்டு வந்திருந்தால், அந்தச் சந்தேகம் வீதிமறியல்வரை வளர்ந்திருக்குமா? கோபம் உச்சத்துக்குப் போன பிறகு ஆய்வுகூட அறிக்கையை நீட்டினால், அதிலுள்ள எண்கள் சரியாகவே இருந்தாலும் எவரும் நம்பப் போவதில்லை. தாகம் எடுத்த பின் கிணறு வெட்டும் கதைதான் அது.

முகாமைத்துவ வகுப்புகளில் இந்த விடயம் வந்தாலே 1982இல் சிக்காகோப் பகுதியில் டைலனோல் குளிசையில் எவரோ சயனைட்டைக் கலந்து ஏழு பேர் இறந்த சம்பவத்தைச் சொல்வார்கள். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் போத்தல்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதும், பிரித்தால் தெரியும்படியான பொதியுடன் மீண்டும் வந்ததும் பாராட்டுக்குரியவைதாம். நோயாளருக்கும் மருத்துவருக்குமான பொறுப்பே முதலாவது என்ற நிறுவனக் கொள்கையை அவர்கள் 1943இலேயே எழுதி வைத்திருந்தார்கள் என்பதையும் விரிவுரையாளர்கள் குறிப்பிடுவார்கள். கதை அங்கேயே முடிந்துவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அதே நிறுவனத்தின் குழந்தைப் பவுடரில் சிற்றளவு அஸ்பெஸ்டோஸ் சில வேளைகளில் கண்டறியப்பட்டதைப் பல பத்தாண்டுகளாக அது அறிந்திருந்தும் வெளியிடவில்லை என்று ரொய்ட்டர்ஸ் 2018இல் எழுதியது. நிறுவனம் அதை மறுத்து, தன் பவுடர் பாதுகாப்பானது என்றது; ஆயினும் வழக்குகள் ஆயிரக்கணக்கில் பெருகின, 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் பவுடரின் விற்பனை நிறுத்தப்பட்டது. 1982இல் ஈட்டிய நற்பெயர் இந்த வழக்குகளைத் தடுக்கவில்லை. ஒரு தலைமுறை சம்பாதித்த நம்பிக்கை அடுத்த தலைமுறை முகாமையாளருக்குச் சொத்தாக வந்துசேர்வதில்லை.

எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பலின் விடயத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. நைட்ரிக் அமிலக் கொள்கலன் கசிவதைக் கப்பல் தரப்பு அறிந்து, கட்டாரிலும் இந்தியாவிலும் அதை இறக்கக் கேட்டு, இரண்டு இடத்திலும் மறுக்கப்பட்ட பிறகே கப்பல் எங்கள் கடலுக்கு வந்தது. 2021 மே 20ஆம் திகதி தீப்பிடித்தது. ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. மேற்குக் கரையில் பிளாஸ்டிக் மணிகள் குவிந்தன, கடற்றொழில் தடைசெய்யப்பட்டது, மீன் வாங்கவே மக்கள் அஞ்சினார்கள். கசிவு பற்றித் தெரிந்தவர்கள் சிலர், நட்டப்பட்டவர்கள் வேறு சிலர். கரைவலை இழுப்பவர் எந்தக் கம்பனியின் பங்குதாரர் பட்டியலிலும் இருப்பதில்லை. ஆனால் அந்தக் கம்பனியின் தவறுக்கு முதலில் விலை கொடுப்பவர் அவர்தான்.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரை இங்கு சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 2006இல் போரினால் இடம்பெயர்ந்து, திரும்பி வர ஆண்டுக்கணக்கில் காத்திருந்த மக்களின் மண்ணில் 500 மெகாவோட் நிலக்கரி அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டு, எதிர்ப்புகளுக்கும் வழக்குக்கும் பின் 2016இல் கைவிடப்பட்டது. கரித்தூசி பற்றிய அச்சத்தோடு, எங்களிடம் யார் கேட்டார்கள் என்ற கேள்வியும் அந்த எதிர்ப்பில் இருந்தது.

சட்டத்தரணிகள் ஒரு தடையைச் சொல்வார்கள்: வாயைத் திறந்தால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்த அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் என்ன நடந்தது, இப்போது எந்தப் பக்கம் போகக் கூடாது, எந்த நீரைக் குடிக்கக் கூடாது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதற்கு யார் குற்றவாளி என்ற முடிவு தேவையில்லை. இதைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும், பள்ளிவாசல், கோயில், விகாரை நிர்வாகங்களுக்கும், கிராம உத்தியோகத்தருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். சொல்பவர் இவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான முகமாக இருக்க வேண்டும். அதற்கு அவர் எதுவும் நேராத மாதங்களிலும் இவர்களிடம் போய் வந்திருக்க வேண்டும். ஒரு கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதை நான் இதில் சேர்க்கவில்லை.

இவை எதற்கும் பெரிய செலவில்லை. முதல் மணித்தியாலத்தில் தலைமை அலுவலகத்தைக் கேட்காமலே ஊருக்கு உண்மையைச் சொல்லும் அதிகாரத்தைத் திருகோணமலையிலுள்ள முகாமையாளருக்குப் பணிப்பாளர் சபை எழுத்தில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த கம்பனி எதையும் நான் இதுவரை கேள்விப்படவில்லை. இருந்தால், அதன் பெயரை இங்கு மகிழ்ச்சியோடு எழுதுவேன்.