சுருட்டுக்கு ஈடுகொடுக்கும் பர்பன்

சுருட்டோடு அருந்துவதற்கென்றே முந்நூறு, நானூறு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்துப் பர்பன் விஸ்கி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பொறாமையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஆதங்கம். இவர்கள் பணம் கொடுத்து வாங்கிய நுணுக்கங்களையெல்லாம் முதல் நான்கைந்து இழுப்பிலேயே புகை விழுங்கிவிடுகிறது. அதன்பிறகு நாக்கில் மிஞ்சுகிற சுவையை நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் புட்டியே தந்திருக்கும்.

தீபாவளியும் ஆண்டு இறுதியும் நெருங்கினால் நண்பர்கள் வந்து, "அண்ணே, நல்ல பர்பன் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். சும்மா உட்கார்ந்து அருந்தவா, சுருட்டோடு அருந்தவா என்று நான் திருப்பிக் கேட்டால், இரண்டும் ஒன்றுதானே என்பதுபோல் பார்க்கிறார்கள். ஒன்றில்லை. தனியாக அருந்தும்போது மென்மை ஓர் அழகு. சுருட்டுக்கு எதிரே அதே மென்மை வாயில்லாப் பூச்சியாகிவிடும். என் கட்சி இதுதான்: 50 விழுக்காட்டை ஒட்டிய சாராயச் செறிவு, ரை தானியத்தின் காரம், பீப்பாயில் ஊறிய வயது நான்கிலிருந்து பத்து ஆண்டுக்குள். இந்த மூன்றும் உள்ள புட்டியை வாங்குங்கள். அரிய சரக்கு, ஏலத்தில் வந்தது, கையால் எண்ணிட்டது என்பதெல்லாம் அலமாரிக்கு அழகு.

பர்பனை ஏன் சுருட்டோடு சேர்க்கிறார்கள் என்பதற்கு விடை அதன் பீப்பாயில் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புத்தம்புதிய ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். பீப்பாய்க்குள் ஊற்றும்போது செறிவு 62.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, புட்டியில் அடைக்கும்போது 40க்குக் கீழே இறங்கக் கூடாது. நிறமோ வாசனையோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. கென்டக்கி மாநிலத்தில்தான் வடிக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது, அமெரிக்காவுக்குள் எங்கே வடித்தாலும் அது பர்பன்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் பழைய பீப்பாய்களில் ஊறவைப்பார்கள். அவற்றுள் மிகப் பல, பர்பன் ஊறி முடித்துக் கைவிட்ட பீப்பாய்களே. பர்பனோ ஒவ்வொரு முறையும் புது மரத்தின் முதல் சாற்றை வாங்கிக்கொள்கிறது. மரத்தைக் கருக்கும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து வனிலின் பிறக்கிறது, மரச் சர்க்கரைகள் பாகாகின்றன, கிராம்பு வாசனைகூட அந்த மரத்திலிருந்தே வருகிறது. பதப்படுத்திப் புளிக்கவைத்த புகையிலையில் வரும் காப்பி, கோகோ, மிளகு, தோல் வாசனைகளோடு இவை எளிதில் கை கோத்துக்கொள்கின்றன.

ஆனால் கை கோக்கப் பலம் வேண்டும். சுருட்டுப் புகை வாயை உலர்த்தும், நாக்கின்மேல் ஒரு படலத்தையும் விட்டுவிட்டுப் போகும். 40 விழுக்காட்டுப் பர்பன் அந்தப் படலத்தைக் கழுவுவதற்கே தன் முழுச் சக்தியையும் செலவழித்துவிடுகிறது. 50 விழுக்காட்டுப் பர்பன் கழுவிவிட்டு, மேலே தன் கதையையும் சொல்கிறது. செறிவில் என்ன பெரிய வேறுபாடு என்று நினைப்பவர்கள் 2013-இல் மேக்கர்ஸ் மார்க் என்ற பர்பன் நிறுவனம் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கலாம். சரக்குப் பற்றாக்குறையைச் சமாளிக்க 45 விழுக்காட்டை 42 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்து எழுந்ததில் சில நாள்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வெறும் மூன்று விழுக்காட்டுக்கு அத்தனை ஆர்ப்பாட்டம்.

நம் ஊர்க் கணக்கு ஒன்றையும் இங்கே போட்டுவிடுகிறேன். சிங்கப்பூரில் விஸ்கிக்கான தீர்வை, அதிலுள்ள தூய சாராயத்தின் அளவைப் பொறுத்தது, லிட்டருக்கு 88 வெள்ளி. 700 மில்லிலிட்டர் புட்டி 40 விழுக்காடு என்றால் தீர்வை 24 வெள்ளி 64 காசு. அதுவே 50 விழுக்காடு என்றால் 30 வெள்ளி 80 காசு. அதற்குமேல் பொருள், சேவை வரி. ஆக, செறிவு கூடிய புட்டிக்கு அரசாங்கம் கூடுதலாகக் கேட்பது ஆறு வெள்ளிச் சொச்சம்தான். சுருட்டோடு அருந்துவதற்காக நீங்கள் செலவழிக்கும் பணத்திலேயே மிகவும் உருப்படியான ஆறு வெள்ளி அதுதான். அழகான மரப்பெட்டிக்கும் கனமான கண்ணாடிப் புட்டிக்கும் கொடுக்கும் பணம் எந்தச் சுவையையும் கூட்டாது.

அடுத்தது தானியம். மக்காச்சோளம் போக மீதியில் ரை சேர்த்தால் பர்பனுக்கு மிளகு, இலவங்கப்பட்டை போன்ற ஓர் உறைப்பு வரும். ரைக்குப் பதில் கோதுமை சேர்த்தால் ரொட்டியும் தேனுமாக வழவழப்பாக இருக்கும். மேக்கர்ஸ் மார்க், வெல்லர், எல்லாரும் வாய் பிளக்கும் பாப்பி வான் விங்கிள் ஆகியவை கோதுமைக் குடும்பம். ஃபோர் ரோசஸ் நிறுவனம் இரண்டு தானியக் கலவைகளையும் ஐந்து ஈஸ்ட் வகைகளையும் வைத்துப் பத்து விதமாக வடிக்கிறது. அவர்களுடைய சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாயிலிருந்து அடைத்த) புட்டியில் ரை ஏறத்தாழ 35 விழுக்காடு, செறிவு 50. நிகராகுவா இலைச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து, அதோடு இதைச் சுவைத்துப் பாருங்கள். இலையின் மிளகும் தானியத்தின் மிளகும் சந்திக்கும் இடத்தில் இனிப்பு பின்னாலிருந்து எழுந்து வரும். சுருட்டோடு பர்பன் அருந்துவது எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

வைல்டு டர்க்கி 101 என் வீட்டில் எப்போதும் இருக்கும். செறிவு 50.5 விழுக்காடு. அதன் பீப்பாய்களை வழக்கத்தைவிட ஆழமாகக் கருக்குகிறார்கள், அந்தக் கருகல் இனிப்பு கரும்பழுப்பு மதூரோ இலைச் சுருட்டுக்கு வெகு பொருத்தம். அலட்டல் இல்லாத சரக்கு. நோப் கிரீக் ஒன்பது ஆண்டு, 50 விழுக்காடு, இன்னும் கொஞ்சம் மர வாசனையும் வேர்க்கடலை வாசனையும் சேர்ந்து வரும். இரவு உணவுக்குப் பிறகு பெரிய சுருட்டாகப் பற்றவைக்கிறவர்களுக்கு அதைச் சொல்வேன்.

கோதுமைப் பர்பனை ஒதுக்கச் சொல்லவில்லை. வெளிர்நிறக் கனெக்டிகட் இலை சுற்றிய மென்மையான சுருட்டுக்கு அதுதான் சரி, அங்கே ரையின் காரம் இலையை மிதித்துவிடும். மாலை நான்கு மணிச் சுருட்டுக்கு மேக்கர்ஸ் மார்க் போதும்.

வயது விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஸ்காட்ச் விஸ்கியில் பதினெட்டு, இருபத்தைந்து என்று எண் ஏற ஏற மரியாதை ஏறுவதைப் பார்த்துப் பழகிய கண் நமக்கு. கென்டக்கியில் கோடை கொளுத்தும், குளிர்காலம் உறையவைக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் விஸ்கி மரத்துக்குள் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. புது மரம் வேறு. பதினைந்து, இருபது ஆண்டு அப்படியே கிடந்தால் பல பீப்பாய்களில் மரத்தின் துவர்ப்பு ஏறிவிடும். அதோடு ஒரு கனத்த சுருட்டையும் சேர்த்தால், நாள் முழுதும் பாக்கு மென்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். இதற்கா ஆயிரக்கணக்கில் கொட்டுவது?

புட்டியின் மேலுள்ள எழுத்துகளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 'ஸ்ட்ரெயிட்' என்றிருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு ஊறியது. அதோடு வயதும் போடவில்லை என்றால் நான்கு ஆண்டுக்குக் குறையாது. 'பாட்டில்டு இன் பாண்ட்' என்றிருந்தால் யோசிக்காமல் எடுங்கள். 1897-ஆம் ஆண்டுச் சட்டம் அது. அந்தக் காலத்தில் வெறும் சாராயத்தில் கண்டதையும் கலந்து, புகையிலைச் சாற்றால்கூட நிறமேற்றி விஸ்கி என்று விற்றிருக்கிறார்கள். அதைத் தடுக்க வந்த சட்டப்படி, ஒரே வடிப்பாலையில் ஒரே பருவத்தில் வடித்து, அரசின் கண்காணிப்புக் கிடங்கில் நான்கு ஆண்டாவது வைத்திருந்து, சரியாக 50 விழுக்காட்டில் அடைக்க வேண்டும். சுருட்டுக்கு நான் கேட்கிற அளவை நூற்றிருபது ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்! 'ஸ்மால் பேட்ச்' என்பதற்குச் சட்டத்தில் எந்தப் பொருளும் கிடையாது. சின்னத் தொகுதி என்றால் எவ்வளவு சின்னது என்பது விற்கிறவர் விருப்பம்.

பிளான்டன்ஸ் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். 1984-இல் வந்தது, ஒற்றைப் பீப்பாய்ப் பர்பனைச் சந்தைக்குக் கொண்டுவந்து வழிகாட்டியது. நல்ல சரக்குதான். ஆனால் அதன் மூடியில் இருக்கும் குதிரை பொம்மைகளை எழுத்து எழுத்தாகச் சேர்த்துப் பெயரை முழுமையாக்குவதற்காகவே வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். மூடி வேண்டுமென்றால் மூடியை வாங்குங்கள், சுருட்டை ஏன் இழுக்கிறீர்கள்?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடித்த, புகை வாசனை தூக்கலான ஸ்காட்ச்சோடு சுருட்டு பிடிப்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. புகைக்குத் துணை புகையா?

நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு வருவோம். வெளிநாட்டில் எழுதிவைத்த அறிவுரைகள் சுருட்டு காய்ந்துபோகும் என்றே அஞ்சுகின்றன. சிங்கப்பூரில் பிரச்சினை நேர்மாறு. இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் எண்பது விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து போட்டால் இலை ஊதிப்போய், இழுப்பு அடைத்து, ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணையும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதத்தை 65 விழுக்காட்டில் நிறுத்தும் பொதி ஒன்றைப் போட்டு, வெயில் படாமல் வையுங்கள். வெப்பம் ஏறினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டு முட்டைகள் பொரித்து, சுருட்டைச் சல்லடையாக்கிவிடும். பர்பனுக்கும் நம் வெப்பம் பகை. முப்பது டிகிரியில் 50 விழுக்காட்டுச் சரக்கைக் கோப்பையில் ஊற்றினால் சாராய ஆவி மூக்கை அறையும். பெரிய பனிக்கட்டி ஒன்று போடுங்கள், தவறே இல்லை. வீரியம் கூடிய சரக்கு என்பதால் பனி கரைந்த பிறகும் அதற்குக் குரல் இருக்கும். 40 விழுக்காட்டுப் புட்டியில் இந்த வசதி இல்லை. பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் கட்டாயம். சுருட்டின் நுனியை விஸ்கியில் தோய்த்துப் பிடிக்கிற வழக்கத்தை மட்டும் என் முன்னால் காட்டாதீர்கள், இலையும் கெடும், விஸ்கியும் கெடும்.

புகையும் மதுவும் தனித்தனியே செய்யும் தீங்கைவிடச் சேர்ந்து வாய்க்கும் தொண்டைக்கும் செய்யும் தீங்கு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்வது உண்மை. சுருட்டை உள்ளே இழுக்காவிட்டாலும் இது பொருந்தும். தெரிந்தே செய்கிற காரியம் இது, அதனால்தான் எப்போதாவது, ஒன்றே ஒன்று, நல்லதாக என்கிறேன்.

எங்கே உட்காருவது என்பது தனிச் சிக்கல். அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளம், பொது நடைபாதை, படிக்கட்டு, பூங்கா எதிலும் புகைக்கக் கூடாது. 2019 முதல் ஆர்ச்சர்ட் சாலை வட்டாரமும் அப்படித்தான், ஒதுக்கிய இடங்கள் மட்டும் விலக்கு. இரவு பத்தரைக்கு மேல் பொது இடத்தில் மது அருந்தவும் முடியாது. பதினெட்டு வயதில் மது வாங்கலாம், ஆனால் புகையிலைக்கு இருபத்தொன்று ஆக வேண்டும். ஆகவே இதைப் படிக்கும் பத்தொன்பது வயதுத் தம்பிகளுக்குப் பதிவில் பாதிதான் சொந்தம். நண்பர் வீட்டு மாடத்தில் உட்கார்ந்தால், மேல்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பாருங்கள்.

வெளிநாடு போய்வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மதுவுக்கு மொத்தம் இரண்டு லிட்டர் வரை தீர்வைச் சலுகை உண்டு (அதில் விஸ்கி போன்றவை ஒரு லிட்டர்தான்), ஆனால் நாற்பத்தெட்டு மணி நேரமாவது வெளியில் இருந்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வந்தால் அதுவும் கிடையாது. புகையிலைக்குச் சலுகையே இல்லை, ஒரே ஒரு சுருட்டானாலும் சாங்கி விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, எடைக்கணக்கில் தீர்வை கட்ட வேண்டும். திருச்சிக்குப் போன மாமா அன்போடு கட்டிக் கொண்டுவரும் உறையூர்ச் சுருட்டுக்கும் இதே சட்டம்தான். அதற்குத் தோதாக என்ன பர்பன் என்று இரண்டு பேர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சுருட்டின் முரட்டுத்தனத்துக்கு முன்னால் 50 விழுக்காடும் பேசாது. செறிவு 60ஐத் தாண்டும் புக்கர்ஸ் பர்பன் ஒன்றுதான் எதிரே நிற்கும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.