சியோ-நியை அழவைத்தது போதும்

இரண்டு நாளாக எல்லார் சுவரிலும் ஓடும் அந்தத் தும்பிக் கவிதைப் படத்தைப் பற்றித்தான். தும்பி பிடிக்கப் போன பிள்ளை இன்று எவ்வளவு தூரம் போனானோ என்ற கவிதை. கீழே "மகனைப் பறிகொடுத்த சியோ-நி". சியோ-நி, பதினெட்டாம் நூற்றாண்டு ஜப்பானியப் பெண் ஹைக்கூ கவிஞர். அந்தக் கவிதை அவர் எழுதியது என்பதற்கு ஆதாரம் இல்லை. பணிவாகத்தான் சொன்னேன். "உனக்கு ஈரமே இல்லையா" என்கிறார்கள்.

சரிபார்ப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அவர் உயிரோடு இருந்தபோதே இரண்டு தொகுப்புகள் வந்தன. 1764-ல் 'சியோ-நி குஷூ', 1771-ல் 'மாட்சு நோ கோஏ'. முதலில் அவற்றில் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அவர் கைப்பட எழுதிய சுருளோ விசிறியோ உண்டா என்று பாருங்கள். தும்பிக் கவிதை இரண்டு தொகுப்பிலும் இல்லை. பிள்ளை இருந்ததற்கும் உறுதியான சான்றில்லை. அவர் மணம் முடித்தாரா என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

"யார் எழுதினால் என்ன, கவிதை நன்றாக இருக்கிறதே!" சரி, பெயரில்லாமல் பகிருங்கள். பெயரைப் போட்டுவிட்டால் அந்த வாழ்க்கைக்கு உண்மையாக இருக்க வேண்டும்.

அந்த வாழ்க்கையில் என்ன குறை? 1703-ல் ஜப்பானின் காகா நாட்டு மத்தோ ஊரில் பிறந்தவர். குடும்பத் தொழில், ஓவியங்களைச் சுருளாக ஒட்டிக் கொடுப்பது. மை பட்டுச் சுருங்கிய தாளின் பின்புறம் மெல்லிய தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டி, பலகையில் நிதானமாகக் காயவிட வேண்டும். பசை கெட்டியானால் சுருள் விறைத்து, சுருட்டும்போது மடிப்பு விழுந்து ஓவியமே வெடித்துவிடும். வீட்டார் இறந்தபின் அந்தத் தொழிலைத் தாங்கியவர் இவர். 1719-ல் ஹைக்கூ மேதை பாஷோவின் சீடர் ஷிகோ தேடிவந்து பார்த்துப் பாராட்டியபோது பதின்வயதுப் பெண். 1754-ல் துறவு. 1763-ல் கொரியத் தூதுக்குழுவுக்குப் பரிசளிக்க 21 கவிதைகளைச் சுருளிலும் விசிறியிலும் எழுதித்தரச் சொன்னது காகா பிரபு. 1774-ல் இன்னொரு பெரிய ஹைக்கூ கவிஞரான பூசோன் பெண் கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்தபோது முன்னுரை எழுதியவரும் இவர்தான். இதில் எதையாவது யாராவது படமாகப் போட்டீர்களா?

"ஷிகியே இவரைக் குறை சொன்னாரே" என்று, பின்னாளில் ஹைக்கூவைச் சீர்திருத்திய கவிஞர் ஷிகியைக் காட்டியும் ஒருவர் கேட்டார். சொன்னார்தான். கிணற்று வாளியில் காலைமலர்க் கொடி சுற்றிக்கொண்டதால் அண்டை வீட்டில் தண்ணீர் கேட்கும் கவிதை அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும். ஆனால் ஷிகி விமர்சித்தது சியோ-நி உண்மையிலேயே எழுதியதை.

ஒரு பெண் நன்றாக எழுதினால் அவள் அழுதிருக்கத்தான் வேண்டுமா? பாஷோவின் கவிதையைப் பகிரும்போது யாரும் அவருக்குச் செத்த பிள்ளை ஒன்றைத் தேடுவதில்லையே. கணவனை இழந்தவள் என்று காட்ட இன்னொரு கவிதையையும் இவர் தலையில் கட்டுகிறார்கள். எழுந்து பார்த்தாலும் படுத்துப் பார்த்தாலும் கொசுவலை அகலமாகத் தெரிகிறது என்பது அது. இவர் பிறப்பதற்கு முன்பே உகிஹாஷி என்ற கணிகை எழுதியது. உங்கள் சோகக் கதைக்காக அவள் பெயரையும் அழித்துவிட்டீர்கள்.