கரமடிக்கு மணல் வேண்டும்

மார்கழியில் எங்கள் குமரி மேற்குக் கடற்கரையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆனி, ஆடியில் வீட்டு வாசல்வரை வந்த அலை இதுதானா என்றிருக்கும். நெத்திலியும் சாளையும் கூட்டமாகக் கரையை ஒட்டி வந்தால் கரமடிதான். பிற ஊர்களில் கரைவலை என்பார்கள்.

கிழக்கு வெளுக்கையில் தண்ணீரின் நிறத்தையும் பறவைகளையும் நீவாடு எனும் நீரோட்டத்தையும் பார்த்து வள்ளம் இறக்குவார்கள். கம்பா எனும் நீண்ட வடத்தின் ஒரு முனை கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கும். வள்ளம் வலையை விட்டபடியே அரைவட்டமாகச் சுற்றி, மறுமுனையைச் சற்றுத் தள்ளிக் கரைசேர்க்கும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் நின்று மணிக்கணக்காக இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரு வரிசையும் நெருங்கி வரும். வலையின் பை போன்ற பகுதியான மடி பக்கத்தில் வந்ததும் சிலர் தண்ணீரில் குதித்துக் கையால் அடித்துச் சத்தம் போடுவார்கள், மீன் வெளியே பாயாமலிருக்க. சின்ன வயதில் மாமாவோடு நானும் கம்பா பிடித்திருக்கிறேன். இரண்டு நாள் உள்ளங்கை எரியும்.

ஏலப் பணத்தில் வலைக்கும் வள்ளத்துக்கும் பங்கு போக மீதி இழுத்தவர்களுக்கு. ஆழ்கடலுக்குப் போக உடம்பு இடங்கொடுக்காத பெரியவர்களும் வடத்தில் கைவைத்தால் கறிக்கு மீன் கிடைக்கும். வயதானவரையும் சேர்த்துக்கொள்ளும் தொழில் வேறு எத்தனை இருக்கிறது?

மடியின் கண் சிறியது, குஞ்சு மீனையும் வாரிவிடுகிறது என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. கண்ணின் அளவை இழுப்பவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். ஆனால் கரமடியை இப்போது முடக்குவது கல். கடலரிப்பைத் தடுக்கக் கல்சுவரும், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசையான தூண்டில் வளைவும் போடுகிறோம். 2004 சுனாமியைப் பார்த்த ஊர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது, வீடுகளைக் காக்கத்தான் வேண்டும். சரி, ஆனால் வளைவு ஒரு பக்கம் மணலைப் பிடித்துவைத்தால் மறுபக்கம் அரிக்கிறது. பிறகு அடுத்த ஊரும் கல் கேட்கிறது. பாறாங்கல்லில் வலை கிழியும், கால் ஊன்றி இழுக்க முடியாது. நெத்திலி காயப்போடவும் இடமில்லை.

மாமா கம்பா பிடித்த இடத்தில் இன்று கல்தான் கிடக்கிறது. இனி எந்த ஊரில் கல் இறக்கினாலும், கரமடி இழுக்கும் மணல் எது என்று அங்குள்ள பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். வரைபடத்தில் வீடுகளைப் போலவே அதையும் குறியுங்கள்.