பீன்ஸ் வேரில் முடிச்சு எல்லாம் நல்ல முடிச்சா?

பீன்ஸ் வேரில் முடிச்சு தெரிந்தால் தழைச்சத்து பிடிக்கிறது என்று அர்த்தம், இலை மஞ்சளானால் யூரியா போட்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பினால் செடி போய்விடும்.

செடியை இழுக்காமல் மண்ணோடு தோண்டி எடுத்துக் கழுவுங்கள். ரைசோபியம் என்ற, தழைச்சத்து பிடிக்கும் நல்ல பாக்டீரியாவின் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் கழன்றுவிடும், வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பு. மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவால் வரும் கெட்ட முடிச்சு வேரே வீங்கியது. பிய்த்தால் வேரும் சேர்ந்து அறும்.

புழு வேர்நுனி அருகே நுழைந்து உள்ளே சில செல்களைப் பெரிதாக்கி, அவற்றிலிருந்தே உறிஞ்சுகிறது. பக்கத்தில் நீர் ஏறும் குழாய்கள் நெளிந்து உடைகின்றன. அதனால்தான் மண்ணில் ஈரமும் உரமும் இருந்தும் செடி மதியத்தில் வாடுகிறது, இலை வெளுக்கிறது. வழியே அடைபட்டபின் யூரியா கொட்டிப் பயனில்லை.

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை பக்கம் பீன்ஸுக்கு அடுத்து கேரட் விதைப்பவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. அதே புழு கேரட்டைக் கிளை பிரிய வைக்கும். பக்கவேர்கள் தாடிபோல் முளைக்கும். சந்தையில் கழித்துவிடுவார்கள். மேல்மலைக் குளிரைத் தாங்கும் ஹாப்லா என்ற நூற்புழு இனம் புல்வகைகளில் பெருகாது, ஆகவே நடுவில் ஒரு போகம் ஓட்ஸோ கோதுமையோ போடலாம். கீழ்மலையில் உள்ள இன்காக்னிட்டா என்ற இன்னொரு நூற்புழு இனத்துக்கு இது பொருந்தாது. விதைப்புக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுங்கள். அறுவடை முடிந்ததும் வேரைப் பிடுங்கி எரியுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள்.