8 ஜிபி போதுமா?

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கிராஃபிக்ஸ் அட்டையின் 8 ஜிபி நினைவக வகையே சிக்கனமான தேர்வு என்று உங்கள் மதிப்பாய்வில் கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 2025 ஏப்ரலில் தயாரிப்பு நிறுவனமான என்விடியா அறிவித்த விலை 8 ஜிபிக்கு 379 டாலர், 16 ஜிபிக்கு 429 டாலர், சிப் ஒன்றே, பெயரும் ஒன்றே (வாங்குபவர் குழம்ப வேறென்ன வேண்டும்?), நினைவகம் மட்டுமே வேறு.

அந்த நினைவகம் நிரம்பியதும் மீதித் தரவு கணினியின் ராமுக்குத் தள்ளப்பட்டு, அட்டையை மதர்போர்டுடன் இணைக்கும் பிசிஐஇ என்ற பாதை வழியாகவே வந்து போக வேண்டியிருக்கிறது. இந்த அட்டை அப்பாதையின் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், பிசிஐஇ 3.0 கொண்ட பழைய மதர்போர்டில் அந்தப் பாதையின் வேகம் புதிய 5.0 பதிப்பில் கிடைப்பதில் கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது. பழைய கணினிக்குப் புது அட்டை வாங்குவோரே இவ்வகையை அதிகம் நாடுவார்கள் என்பதுதான் வருத்தம்.

கட்டுரையில் உள்ள சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்ற எண்) வரைபடம் இதைக் காட்டாது. என்னிடமுள்ள பழைய 8 ஜிபி அட்டையில் எண் அறுபதிலேயே நிற்கும்; ஆனால் விளையாட்டில் ஒரு தெருவில் திரும்பியதும் கடைப் பலகையின் எழுத்துகள் சில நொடிகள் கூழாகத் தெரிந்து, பிறகே தெளியும். அடுத்த மதிப்பாய்விலாவது 1 சதவீதக் குறைந்தபட்ச எஃப்பிஎஸ் அளவையும் (மிக மெதுவான 1 சதவீதப் படச்சட்டங்களின் வேகம்) பிசிஐஇ 3.0 சோதனையையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.