பட்டியலில் ஏறியது கட்டடம், கடையல்ல
லண்டன் பெத்னல் கிரீனில் 1900 முதல் ஒரே குடும்பம் நடத்தும் பெலிச்சி கஃபே, 2005-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்து அறிவிக்கப்பட்டதால்தான் தப்பியது என்கிறது அந்தக் கடையைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அந்த அறிவிப்பு காப்பது சுவரை. மஞ்சள் கண்ணாடி முகப்பையும், 1946-ல் அக்கிலே கபோச்சி என்ற தச்சர் இழைத்த மரப்பதிப்புப் பலகைகளையும் இனி யாரும் அனுமதியில்லாமல் பெயர்க்க முடியாது, சரி. ஆனால் காலையில் அடுப்பு மூட்டு என்று எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தாதே! கணவர் இறந்த பிறகு கடையைத் தூக்கி நிறுத்தியவர் எலீதே என்ற அம்மா; 'இ. பெலிச்சி' என்ற பெயர்ப்பலகையில் இருக்கும் 'இ' அவர்தான். சோஹோ பக்கம் 1951-ல் தொடங்கிய நியூ பிக்கடிலி கஃபேயும் இத்தாலியக் குடும்பத்துடையதுதான், 2007-ல் மூடிவிட்டார்கள். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், 'இத்தாலியக் கடையில் முட்டையும் பீன்ஸும் எதற்கு?' என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் இருந்த உழைப்பாளிகள் கேட்டது அதைத்தானே, லசான்யா என்ற இத்தாலிய உணவும் கூடவே கிடைக்கும். நான் போன சனிக்கிழமை தனி மேசை கிடைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு எதிரே உட்கார வைத்தார்கள். நான் உட்கார்வதற்குள் அவர் சாஸ் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டார், பெயர்கூடக் கேட்கவில்லை. இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அலைய வேண்டாம்.